ஹொக்கி அணிக்காக வீட்டின் மேல் கடன் எடுக்கலாமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 51. இரண்டு லொறிகளை வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்கிறார். மனைவிக்கு முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. மகனுக்கு 15 வயது. ஆறு வயதில் ஸ்கேற் கட்டியவன், இன்னும் கழற்றவில்லை. விடிய ஐந்தரைக்கு ஐஸ் ரிங்கில் கோப்பியோடு நிற்கும் பெற்றோர்களில் இவரும் ஒருவர். அங்கே பழக்கமான ஊர்க்காரர் ஒருவர் ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறார். 14 குடும்பங்கள், குடும்பத்துக்கு 150,000 டொலர். அந்தப் பணம் ஒரு கம்பனிக்குப் போகும். ரொறன்ரோவின் வடகிழக்கே மார்க்கம் பக்கத்தில் இரண்டாவது என்எச்எல் (வட அமெரிக்காவின் முதல்நிலை ஐஸ் ஹொக்கி லீக்) அணியைக் கொண்டுவரும் முயற்சியில் அந்தக் கம்பனி 'முன்வரிசையில்' நிற்கிறதாம். அது சரிவராவிட்டால் ஹமில்டன் அல்லது கியூபெக் நகரம். அதுவும் இல்லாவிட்டால் சிறிய தொழில்முறை லீக் ஒன்றில் ஓர் அணி.

இடம்பிடிக்க என்று 5,000 டொலரை வாசகர் ஏற்கெனவே அனுப்பிவிட்டார். மீதியை வீட்டின் மேலுள்ள லைன் ஒஃப் கிரெடிட்டில் (வீட்டை ஈடாக வைத்து வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடன்) எடுக்க யோசிக்கிறார். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. 'தகுதிபெற்ற முதலீட்டாளர்' என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. அது வெறும் சம்பிரதாயம், கையெழுத்தை வையுங்கள் என்கிறார்களாம். தங்கையின் கணவரையும் சேர்த்துவிட்டால் சின்னக் கொமிஷனும் உண்டாம். அவர் கேட்பது இதுதான்: "ஆறு மில்லியன் சனம் இருக்கிற இடத்தில் இன்னோர் அணி ஓடாதா? எந்த நகரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? வீடு என் பெயரில்தான் இருக்கிறது, நானே முடிவெடுக்கலாம்தானே?"

அன்புள்ள சகோதரருக்கு,

பங்காளிகள் சேர்ந்து தொழில் தொடங்கும்போது எழுதும் ஒப்பந்தங்களைப் பார்ப்பது என் வேலை. ஹொக்கியும் எனக்குப் புதிதில்லை. என் பிள்ளைகளுக்காக நானும் பல குளிர்காலம் அந்த ரிங்குகளில் நின்றிருக்கிறேன். அதனால் உங்கள் ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது. நம் பிள்ளைகள் விளையாடுகிற ஆட்டத்தில் நமக்கும் ஒரு சொந்தம் வேண்டும் என்ற நினைப்பு அது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மீதி 145,000 டொலரை அனுப்பாதீர்கள். எந்த நகரம் ஓர் அணியைத் தாங்கும் என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி, அதற்கு விடையும் உண்டு. ஆனால் நீங்கள் நகரத்தைச் சரியாகவே ஊகித்தாலும், இந்தத் திட்டத்தின் வழியாக அந்த லாபம் உங்கள் கைக்கு வர வழியில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஆறு மில்லியன் என்ற கணக்கு

ரொறன்ரோவைப் பற்றி நீங்கள் நினைப்பதில் பிழை இல்லை. ரொறன்ரோவின் அணியான மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக என்எச்எல்லின் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967-இல். அதற்குப் பிறகும் அரங்கு நிரம்பித்தான் இருக்கிறது, சீசன் ரிக்கெற் கிடைப்பது குதிரைக்கொம்பு. நியூயோர்க் வட்டாரத்தில் மூன்று என்எச்எல் அணிகள் ஓடுகின்றன, லொஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இரண்டு. ஹொக்கியை உயிராக நினைக்கும் ரொறன்ரோவில் இரண்டாவது அணி வந்தால் இருக்கை காலியாகக் கிடக்காது என்றுதான் நானும் நம்புகிறேன்.

சனம் இருக்கிறது, சரி. வாசலைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது? என்எச்எல் அணி என்பது நாம் கடை திறப்பது போல இடம் பார்த்துத் திறக்கிற ஒன்றல்ல. இருக்கிற 32 அணிகளின் சொந்தக்காரர்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு. லீக்கின் அமைப்பு விதிப்படி ஒவ்வொரு அணிக்கும் அதன் நகரத்தைச் சுற்றி 50 மைல், அதாவது 80 கிலோமீற்றர், சொந்த எல்லை. மார்க்கம் லீஃப்ஸின் எல்லைக்குள் நடுவில் கிடக்கிறது. ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றரில் இருக்கும் ஹமில்டனும் அதற்குள்தான். மறுபக்கம், அமெரிக்க எல்லைக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரின் சேபர்ஸ் அணியும் ஹமில்டன் பகுதி இரசிகர்களை நம்பி இருக்கிறது.

இந்த வாசலைத் தட்டியவர்களில் பெரிய ஆள் ஜிம் பல்சிலி. பிளாக்பெரி கைத்தொலைபேசி உலகத்தை ஆண்ட காலத்தில் அந்தக் கம்பனியின் தலைவர்களில் ஒருவர். 2006-இல் பிற்ஸ்பேர்க், 2007-இல் நாஷ்வில், 2009-இல் ஃபீனிக்ஸ் என்று மூன்று அணிகளை வாங்கப் பார்த்தார். நாஷ்வில் பேச்சு நடந்தபோது ஹமில்டனில் ஆயிரக்கணக்கானோர் சீசன் ரிக்கெற்றுக்கு முன்பணமே கட்டினார்கள். 2009-இல் திவாலான ஃபீனிக்ஸ் அணிக்கு 212.5 மில்லியன் அமெரிக்க டொலர் தருகிறேன், ஆனால் அணியை ஹமில்டனுக்குக் கொண்டுபோவேன் என்று நீதிமன்றம் வரை போனார். அந்த ஆண்டு செப்ரெம்பரில் நீதிபதி அதை நிராகரித்தார். பணம் இருந்தது, இரசிகர்கள் இருந்தார்கள், அரங்கும் 1985-இலிருந்தே கட்டித் தயாராக நின்றது. லீக்கின் சம்மதம் மட்டும் இல்லை. உங்கள் 14 குடும்பங்கள் அந்தச் சம்மதத்தை எப்படி வாங்கப் போகின்றன என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

மார்க்கத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 2012-இல் 325 மில்லியன் டொலரில் 20,000 இருக்கை அரங்கு ஒன்றைக் கட்டும் நிதித் திட்டத்துக்கு நகரசபை தலையாட்டியது. அணி தருகிறோம் என்று என்எச்எல் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. பொதுப் பணம் ஏன் இதில் மாட்டவேண்டும் என்று வரி கட்டுகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2013 முடிவதற்குள் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

விலையையும் பாருங்கள். 2017-இல் விளையாடத் தொடங்கிய லாஸ் வேகாஸ் அணி லீக்கில் சேரக் கட்டியது 500 மில்லியன் அமெரிக்க டொலர். 2021-இல் வந்த சியாட்டில் கட்டியது 650 மில்லியன். 2024-இல் அரிசோனாவிலிருந்த அதே ஃபீனிக்ஸ் அணி யூற்றாவின் சோல்ற் லேக் சிற்றிக்குப் போனபோது கைமாறிய தொகை 1.2 பில்லியன். உங்கள் 14 குடும்பங்களின் பணத்தை எல்லாம் கூட்டினால் 2.1 மில்லியன் கனடிய டொலர். சியாட்டில் கட்டியதில் முந்நூறில் ஒரு பங்குகூட அது வராது. அப்படியானால் உங்கள் பணம் அணிக்குப் போகாது. 'முயற்சிச் செலவு' என்ற கணக்குக்குத்தான் போகும்: ஆலோசகர்கள், பயணம், விளம்பரப் படம், அலுவலக வாடகை. செலவானால் திரும்பி வராத பணம் அது.

ஒரு நகரம் அணியைத் தாங்குவது எப்படி

இது உங்களுக்குப் பிடித்த பகுதியாக இருக்கும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சனத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஃபீனிக்ஸ் பெருநகரில் ஏறக்குறைய ஐந்து மில்லியன் பேர். அணி 1996-இல் வந்து 28 வருடம் இருந்தும் வேர் பிடிக்கவில்லை. 2003-இல் திறந்த அரங்கு நகரத்தின் மேற்கு ஓரத்தில் கிளென்டேலில் இருந்தது. ரிக்கெற் வாங்கும் வசதியுள்ளவர்கள் பெரும்பாலும் கிழக்கே இருந்தார்கள். வேலை நாளில் மாலை நெரிசலில் யார் அவ்வளவு தூரம் ஓடுவார்? பிறகு கிளென்டேல் நகரசபை அரங்கைத் தரமாட்டேன் என்றது. கடைசி இரண்டு சீசன் ஒரு பல்கலைக்கழகத்தின் 5,000 இருக்கைகூட இல்லாத அரங்கில் விளையாடினார்கள். 2023 மே மாதம் பக்கத்திலுள்ள ரெம்பி நகர வாக்காளர்கள் புது அரங்குத் திட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் அணி போய்விட்டது.

ஏனைய பெரிய விளையாட்டு லீக்குகளை விட என்எச்எல் ரிக்கெற் காசில் தங்கியிருப்பது அதிகம். ஆகவே நான் ஒரு நகரத்தைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேட்பேன். அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் யார் காசு கொடுத்து வருவார்? அரங்கு யாருடையது, பார்க்கிங், சாப்பாடு, விளம்பரப் பலகைக் காசு யாருக்குப் போகிறது? நட்டம் வரும் வருடங்களில் தன் பையிலிருந்து போட்டுத் தாக்குப்பிடிக்கும் சொந்தக்காரர் இருக்கிறாரா?

கியூபெக் நகரத்தை இந்தக் கேள்விகளோடு பாருங்கள். அங்கிருந்த நோர்டிக்ஸ் அணி 1995-இல் கொலராடோவுக்குப் போனது. போன முதல் சீசனிலேயே, 1996-இல், கிண்ணத்தையும் வென்றது. அந்தக் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை. 2015-இல் ஏறக்குறைய 370 மில்லியன் டொலரில், பெரும்பாலும் பொதுப் பணத்தில், 18,259 இருக்கை அரங்கு கட்டித் திறந்தார்கள். அந்த வருடமே கியூபெக்கோர் என்ற ஊடக நிறுவனம் அணி கேட்டு லீக்கிடம் விண்ணப்பித்தது. 2016-இல் லீக் லாஸ் வேகாஸைச் சேர்த்துக்கொண்டு கியூபெக்கின் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டது. கனடிய டொலரின் வீழ்ச்சியையும், கிழக்குப் பிரிவில் அணிகள் ஏற்கெனவே கூட என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். வீரர்களின் சம்பளம் எல்லாம் அமெரிக்க டொலரில். 2025-26 சீசனில் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 95.5 மில்லியன் அமெரிக்க டொலர். ரிக்கெற்றோ கனடிய டொலரில் விற்கிறது. நாணயம் சறுக்கினால் ஆள் ஒருவர் கூடாமலே செலவு ஏறும்.

நானே போட்டுப் பார்த்த ஒரு சின்னக் கணக்கு: 18,259 இருக்கை, 41 ஆட்டம் என்றால் சீசனுக்கு ஏறக்குறைய ஏழரை இலட்சம் ரிக்கெற். கியூபெக் பெருநகரின் சனத்தொகை, கைக்குழந்தை முதல் கிழவர் வரை, ஏறக்குறைய எட்டரை இலட்சம். தலைக்கு வருடம் ஒரு ரிக்கெற் விற்றால்தான் அரங்கு நிரம்பும். கியூபெக் மக்களின் ஹொக்கிப் பித்துக்கு அது முடியாததும் இல்லை. ஆனால் வின்னிபெக் என்ற உதாரணம் நம் முன்னால் இருக்கிறது. 2011-இல் அங்கே அணி திரும்பி வந்தபோது 13,000 சீசன் ரிக்கெற்றுகள் பறந்தன. பொது விற்பனை நிமிடக் கணக்கில் முடிந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அது 9,500 அளவுக்கு இறங்கி, சொந்தக்காரர்களே 'இப்படியே போனால் கஷ்டம்' என்று வெளிப்படையாகச் சொல்லும் நிலை வந்தது. அங்கேயும் ஹொக்கி உயிர்தான். சின்னச் சந்தையில் முதல் வருட உற்சாகத்தை வைத்துப் பத்தாவது வருடத்தைக் கணக்குப் பார்க்கக்கூடாது.

பிறகு ஹூஸ்ரன். ஏழு மில்லியனுக்கு மேல் சனம் இருந்தும் என்எச்எல் அணி இல்லாத பெருநகரம். தகுந்த அரங்கும் உண்டு. அங்கே ஏரோஸ் என்று இரண்டாம் நிலை அணி ஒன்று நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தது. அரங்கை நடத்தியது கூடைப்பந்து அணி. குத்தகைப் பேச்சு முறிந்ததும் 2013-இல் ஏரோஸ் அயோவாவுக்குப் போய்விட்டது. அங்கே இனி ஹொக்கி வருமா என்பது பெருமளவுக்கு அந்த அரங்கைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதுதான். அரங்கை மட்டும் கட்டிவிட்டுக் காத்திருந்தால் அணி வந்துவிடும் என்பதும் சரியில்லை. கன்சாஸ் சிற்றி 2007-இல் புத்தம்புது அரங்கைத் திறந்தது. கச்சேரிகளால் அரங்கு நன்றாக ஓடுகிறது, என்எச்எல் மட்டும் வரவேயில்லை.

அற்லாண்டா பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அந்த நகரம் இரண்டு முறை அணியை இழந்தது: 1980-இல் கல்கரிக்கு, 2011-இல் வின்னிபெக்குக்கு. 'அமெரிக்கத் தெற்கில் ஹொக்கி ஓடாது' என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவோம். இரண்டாவது முறை என்ன நடந்தது தெரியுமா? அணியைக் கூட்டாக வாங்கிய பங்காளிகள் தங்களுக்குள் சண்டை பிடித்து வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் நின்றார்கள். அணி பதினொரு சீசனில் ஒரே ஒரு தடவைதான் பிளேஓஃப் என்ற கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போனது. அந்த நகரத்துக்கு நல்ல சொந்தக்காரர் ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. இப்போது வடக்குப் புறநகர்ப் பகுதிகளில் மூன்றாவது முயற்சி பற்றிப் பேச்சு நடக்கிறது. அதை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. கோடீஸ்வரப் பங்காளிகளே எழுத்தில் இருந்த உடன்படிக்கையை வைத்துக்கொண்டு அடிபட்டார்கள். உங்கள் 14 குடும்பங்களிடம் எழுத்தில் என்ன இருக்கிறது?

ஓடிய நகரங்களில் நடந்ததைப் பாருங்கள். சியாட்டிலில் 2018 மார்ச் முதலாம் திகதி முன்பணம் வாங்கத் தொடங்கினார்கள். 12 நிமிடத்தில் 10,000, ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் 25,000. லாஸ் வேகாஸும் லீக்கிடம் கையேந்த முன்னரே ரிக்கெற் முன்பணம் சேர்த்துக் காட்டியது. இரண்டு இடத்திலும் அரங்குகள் தனியார் பணத்தில் உருவானவை. இரசிகரின் காசு, அரங்கு, பணக்காரச் சொந்தக்காரர் என்று மூன்றும் ஒரே நேரத்தில் கையில் இருந்தன.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை: அன்பால் தாங்கக்கூடியவை கியூபெக்கும் ஹமில்டனும். காசாலும் தொலைக்காட்சிச் சந்தையாலும் லீக்கின் கண்ணில் படுபவை ஹூஸ்ரனும் அற்லாண்டாவும். ரொறன்ரோவுக்கு இரண்டாவது அணி வந்தால் அது எல்லோரையும் விட நன்றாக ஓடும். ஆனால் அதைத் தடுக்கும் காரணம் உள்ளவர்கள் மேசையிலேயே இருக்கிறார்கள்.

சின்ன லீக் என்றால்?

திட்டத்தின் கடைசிப் பகுதிதான் உங்களுக்குக் கைக்கெட்டியதாகத் தெரியும். எனக்கு அதுதான் கூடுதலாகப் பயம் தருகிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே நடக்கக்கூடியது. உங்கள் பணம் உண்மையிலேயே அதில் கரையக்கூடியது. ரொறன்ரோவின் புறநகரான பிராம்ப்டனில் பீஸ்ற் என்று ஒரு தொழில்முறை அணி 2013-இல் தொடங்கியது. 5,000 இருக்கை அரங்கு, சுற்றிவர இலட்சக்கணக்கான சனம், நகரசபையும் பொதுப் பணத்தில் கைகொடுத்தது. 2021 பெப்ரவரியில் மூடிவிட்டார்கள். பெருந்தொற்று கடைசி அடி. அதற்கு முன்பே அரங்கை நிரப்பப் பாடுபட்டார்கள். அதே ஊரில் பதினைந்து வருடம் இருந்த பற்றாலியன் என்ற இளையோர் அணியும் 2013-இல் நோர்த் பேக்குப் போனது. நியூஃபவுண்ட்லாந்தில் குரோலர்ஸ் 2019-இல், தன் முதல் சீசனிலேயே லீக் கிண்ணத்தை வென்றது. 2024-இல் லீக்கே அதன் உறுப்புரிமையை முடித்துவிட்டது.

ரொறன்ரோவின் புறநகரில் இருப்பவருக்கு இரவு எட்டு மணிக்கு வீட்டுத் தொலைக்காட்சியில் லீஃப்ஸ் இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் நிலை ஆட்டம் பார்ப்பவர் குறைவு. ஒன்ராறியோவின் லண்டனிலும் கிச்சினரிலும் கதை வேறு. அங்கே இளையோர் அணிதான் ஊரின் அணி. லண்டன் நைற்ஸின் 9,000 இருக்கை அரங்கு வழமையாக நிரம்பும். கிச்சினர் ரேஞ்சர்ஸை நீங்கள் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும்: அந்த அணிக்குத் தனி முதலாளி இல்லை. சீசன் ரிக்கெற் வைத்திருப்பவர்களே வாக்களித்து நிர்வாகத்தைத் தெரிவுசெய்கிறார்கள். நம் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் நடக்கிற மாதிரி. பதினான்கு குடும்பங்களின் ஆர்வத்துக்கு உலகத்தில் ஒரு வடிவம் உண்டென்றால் அது அதற்குக் கிட்ட வரும்.

பெண்கள் லீக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு தொடங்கிய பிடபிள்யூஎச்எல் வேகமாக வளர்கிறது. 2024 ஏப்ரலில் மொன்றியலில் ஓர் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். பிறகு பல நகரங்களில் ஒவ்வோர் ஆட்டம் நடத்தி, யார் வருகிறார்கள் என்று பார்த்து, வான்கூவரையும் சியாட்டிலையும் சேர்த்தார்கள். நகரத்தைத் தெரிவுசெய்ய நான் கண்ட நேர்மையான வழி அது. ஆனால் எல்லா அணிகளும் ஒரே உரிமையாளர் குழுவுக்குச் சொந்தம். 'பெண்கள் அணியில் பங்கு தருகிறோம்' என்று உங்களிடம் யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வீடு உங்கள் பெயரில் இருந்தாலும்

நீங்கள் பிழையாக நினைத்திருப்பது இதைத்தான். ஒன்ராறியோவின் குடும்பச் சட்டப்படி, கணவன் மனைவி குடியிருக்கும் வீட்டை, உறுதி ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும், மற்றவர் சம்மதமின்றி விற்கவோ புதிதாக ஈடு வைக்கவோ முடியாது. அப்படிச் செய்தால் நீதிமன்றம் அதை ரத்துச் செய்யலாம்.

'லைன் ஒஃப் கிரெடிட் ஏற்கெனவே இருக்கிறதே' என்பீர்கள். உண்மைதான். அது எடுத்தபோது மனைவியும் கையெழுத்து வைத்திருந்தால் இன்று நீங்கள் தனியாகவே பணத்தை எடுக்க வங்கி விடக்கூடும். கட்டமுடியாமல் போனால் வங்கி பிடிப்பது அவரும் குடியிருக்கும் வீட்டை. கூட்டாகக் கையெழுத்திட்ட கடனென்றால் அவருடைய சம்பளத்தையும் துரத்தும். அவர் இரவிரவாக நின்று உழைத்துக் கட்டிய மோட்கேஜ் அது, சகோதரர். இந்தக் கடிதத்தை அவரோடு இருந்து வாசியுங்கள்.

வட்டியையும் மறக்கவேண்டாம். அந்தக் கடனின் வட்டி ஏறி இறங்கும். வருடத்துக்கு 6 வீதம் என்று வைத்தாலே 145,000-க்கு 8,700 டொலர். மாதம் 725. அணி வரும்வரை உங்கள் லொறிதான் அதைக் கட்டும்.

அந்தப் படிவமும் கொமிஷனும்

'தகுதிபெற்ற முதலீட்டாளர்' படிவம் சம்பிரதாயம் இல்லை. பொதுமக்களிடம் முதலீடு திரட்டுபவர் முழு விளக்க அறிக்கை வெளியிடவேண்டும் என்பது பங்குச் சட்டம். வசதியுள்ளவர்களிடம் திரட்டினால் அதிலிருந்து விலக்கு. கடந்த இரண்டு வருடமும் தனி வருமானம் 200,000 டொலருக்கு மேல், அல்லது கணவன் மனைவி சேர்ந்து 300,000-க்கு மேல் இருக்கவேண்டும். அல்லது கடன் போகக் கையில் ஒரு மில்லியனுக்கு மேல் நிதிச் சொத்து இருக்கவேண்டும். இந்த ஒரு மில்லியனில் வீட்டைச் சேர்க்க முடியாது. வீட்டையும் சேர்த்துப் பார்ப்பதானால் ஐந்து மில்லியன் வேண்டும். நீங்கள் எழுதிய கணக்குப்படி ஒன்றுக்குள்ளும் வரமாட்டீர்கள். பொய்யாகக் கையெழுத்திட்டால், நாளைக்கு ஏமாந்துவிட்டேன் என்று முறையிடும்போது அந்தத் தாளையே உங்கள் முன் நீட்டுவார்கள்.

இன்னொரு வழி, முதலீட்டின் விபரங்களை எழுதிய 'வழங்கல் ஆவணம்' ஒன்றைக் கொடுத்துப் பணம் வாங்குவது. அதில் உங்களைப் போன்றவர் ஒருவர் 12 மாதத்தில் போடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு, கையெழுத்திட்டு இரண்டு வேலை நாளுக்குள் மனம் மாறிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. உங்களுக்கு அப்படி ஆவணம் எதுவும் வரவில்லை என்பதே எனக்கு முதல் எச்சரிக்கை.

பதிவான கம்பனி, எழுதிய உடன்படிக்கை எதுவும் இல்லாமல் 14 பேர் சேர்ந்து லாபத்துக்காகத் தொழில் நடத்தினால், சட்டம் அதைச் சாதாரணப் பங்காளித் தொழிலாகப் பார்க்கலாம். அப்போது அரங்கு வாடகைப் பாக்கி, வீரர் சம்பளம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. கடன்காரர் 14 பேரையும் தேடமாட்டார். யாரிடம் வீடு இருக்கிறதோ அவரிடம் வருவார்.

கொமிஷன் விஷயத்தைத் தொடவே வேண்டாம். பதிவு இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களை முதலீட்டில் சேர்ப்பது உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டலாம். சீட்டுப் பிடிக்கும்போது நாம் தாளைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறோம். அந்த நம்பிக்கையில்தான் இந்த நாட்டில் பலர் முதல் வீடு வாங்கினோம். சீட்டில் பணம் மாதாமாதம் நம் கண் முன்னால் சுற்றும். இதில் அது ஒரு வங்கிக் கணக்குக்குள் போய் மறைகிறது. தங்கையின் கணவர் உங்கள் முகத்துக்காகத்தான் காசு போடுவார்.

இந்தக் கிழமை செய்யவேண்டியது

அந்த ஊர்க்காரரைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கனவை நம்பியிருக்கலாம். நேரில் கதைத்துவிட்டு, அதையே மின்னஞ்சலில் எழுதுங்கள்: 5,000 டொலரை இன்ன திகதியில் அனுப்பினேன், தொடர விருப்பமில்லை, 10 நாளுக்குள் திருப்பி அனுப்பவும். அனுப்பிய ரசீதை இணையுங்கள். கம்பனியின் பெயரை ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டிலும், பணம் திரட்டுபவரின் பெயரை பங்குச் சந்தை ஆணையத்தின் பதிவுத் தேடலிலும் போட்டுப் பாருங்கள்; இரண்டையும் இணையத்தில் தேடலாம். பதில் வராவிட்டால் ஆணையத்துக்கு முறையிடலாம். 5,000 டொலர் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் நீங்களே வழக்குப் போடக்கூடிய தொகைதான். மற்றக் குடும்பங்களிடமும் வட்ஸ்அப்பில் வெளிப்படையாகக் கேளுங்கள்: யாரிடமாவது ஒரு தாள் இருக்கிறதா?

மகனைப் பற்றி ஒன்று. தகப்பன் அணியில் பங்குதாரர் என்றால் பிள்ளைக்கு வழி திறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அணித் தெரிவாளர்கள் பார்ப்பது ஐஸில் அவன் ஓடுவதைத்தான். ஆனால் அவனுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஒன்ராறியோ இளையோர் லீக்கில் விளையாடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக்கு வழி அடைபட்டுவிடும். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள். 2025 ஓகஸ்ட்டிலிருந்து இரண்டு வழியும் திறந்திருக்கிறது. பதினாறு வயதில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை இழக்கவேண்டிய கட்டாயம் இப்போது அவனுக்கு இல்லை. மாதம் 725 டொலரை வட்டியாகக் கட்ட யோசித்தீர்களே, அதில் ஒரு பகுதி ஸ்கேற்றிங் பயிற்சிக்கும் கணிதப் பாடத்துக்கும் போகட்டும். பயிற்றுநரிடம் இந்த விதிமாற்றம் பற்றிக் கேளுங்கள். எந்தப் பாடங்களில் எவ்வளவு புள்ளி வேண்டும் என்று பாடசாலை ஆலோசகரிடமும் இந்த வருடமே கேட்டு வையுங்கள்.